ஏழாம் குழியருகே நின்ற வேன்

ஜெயராணிக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்தது பொங்கலுக்கு அடுத்த வாரம். அன்று காலை கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் சிதம்பரம் பாசஞ்சருக்குக் காத்திருந்தவள், ரயில் வரும் சத்தம் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் ஒத்துவரவில்லை. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா தன் தோளைக் காட்டி, "புடிச்சி எழுந்திரு" என்றாள். அந்த அம்மாவுக்கு எழுபது வயதாவது இருக்கும். ஜெயராணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே ராபர்ட் சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ராபர்ட் சார் துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்தில் 'முதலடி மையம்' நடத்துகிற சின்ன அறக்கட்டளைக்குத் தலைவர் அவர்தான், ஓடியாடுகிறவரும் அவர்தான். காகிதத்தில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் காகிதத்தை விட்டு இறங்கியதில்லை.

மையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. கூடத்தில் பதினோரு பாய், பிடித்து நடக்க இரண்டு கம்பி, ஒரு பெரிய ரப்பர் பந்து, அவ்வளவுதான். பிறவியிலேயே கைகால் விறைத்துப்போன பதினோரு பிள்ளைகள் குமராட்சிப் பக்கமிருந்தும் காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்தும் அங்கே வருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி டாக்டர் வருவார். மற்ற நாட்களில் அந்தக் கால்களை நீட்டி, மடக்கி, எண்ணெய் தேய்த்து, நிற்க வைத்து, விழும்போது பிடிப்பதெல்லாம் ஜெயராணி. நர்ஸுக்கு உதவியாளர் வேலைக்குப் படித்தவள். அவள் டீச்சர் இல்லை, ஆனாலும் தாய்மார்கள் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

"சார், மார்ச்சோட நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

ராபர்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஷ்டமான எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார். "நில்லும்மா. யாரு வேணான்னா? உன் எடத்துக்குப் பாத்து வச்ச அந்தப் படிச்ச பொண்ணு கூட வரேன்னுதான் சொல்லுது. ஆனா வண்டி இருந்தாத்தான் வருமாம். புள்ளைங்கள பஸ்ல ஏத்தி எறக்கறது என் வேல இல்லங்குது. ஞாயந்தானே? வண்டி ஒண்ணு ஏற்பாடாவட்டும். மறுநாளே மாலை போட்டு அனுப்பி வச்சிடறேன்."

வண்டி சமாச்சாரம் இதுதான். மையத்துக்கு ஒரு வேன் உண்டு. வயது பதினெட்டு. அதை ஓட்டுகிற கலியமூர்த்தி, காலையில் இரண்டு நடை அடித்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, சாயங்காலம் இரண்டு நடையில் கொண்டுபோய் விடுவார். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. குமராட்சி சாலையில் போகும்போது காலடியில் தார் ஓடுவதைப் பார்க்கலாம். மார்ச் முப்பத்தொன்றோடு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிகிறது, இந்தத் தடவை கொடுக்க மாட்டார்கள் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். வண்டி நின்றால் பதினோரு பிள்ளைகளும் வீட்டோடு நின்றுவிடும். நாலு மாதம் நீட்டி மடக்காமல் விட்டால் அந்தக் கால்கள் என்ன ஆகும் என்று ஜெயராணிக்குத் தெரியும்.

காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கிற சுப்புராயனிடம், மில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு வேன் இருந்தது. புது வேன் வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பழையதைக் கொடுங்கள் என்று தீபாவளிக்கே போய்க் கேட்டார்கள். "அறுவட முடியட்டும், பாப்போம்" என்றார். எங்கள் பக்கத்தில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

இந்த நேரத்தில்தான் கோல்ஃப் வந்தது.

சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே பிப்ரவரி கடைசியில் நாலு நாள் பந்தயம். பணத்துக்கு ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். நடத்துகிற கம்பெனி, சின்ன அறக்கட்டளைகளாக ஐந்தைத் தேடி எடுத்துப் பங்காளி ஆக்கிக்கொண்டது. ஒவ்வோர் அறக்கட்டளையும் தொண்டுக்குப் பத்து ஆட்களை அனுப்ப வேண்டும். ஒவ்வோர் அறக்கட்டளைக்கும் ஒரு குழி ஒதுக்குவார்கள். அந்தக் குழியில் யாராவது 'பேர்டி' போட்டால், அதாவது குறித்த கணக்கைவிட ஓர் அடி குறைவாக அடித்துப் பந்தைக் குழியில் தள்ளினால், அந்த அறக்கட்டளைக்கு ஒரு தொகை. இவர்களுக்கு ஏழாம் குழி விழுந்தது, அதற்குக் கணக்கு மூன்று அடி. ஏழாம் குழிக்கு ஒரு விசேஷம் உண்டு. தூரத்து மேட்டிலிருந்து அடிக்கிற ஒரே அடியில் பந்து குழிக்குள் போய்விட்டால், ஒரு புத்தம்புது வேன் பரிசு. அந்த வேன் அறக்கட்டளைக்கு.

"ஒரே அடியிலயா?" என்று கேட்டாள் ஜெயராணி.

"நடக்கும் மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கூட ஒருத்தர் போட்டாரு" என்றாள் கம்பெனியிலிருந்து பேசிய பிரிசில்லா. நல்ல பெண். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. குரலில் சோர்வே கிடையாது.

முதுநகர் சர்ச்சிலிருந்து ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினாள் ஜெயராணி. ஐந்து நாள் மையத்தை டாக்டரும் தாய்மார்களும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

புதன்கிழமை காலை மைதானத்தைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். அத்தனைக்கும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. குமராட்சியில் நாற்றுக்கு வேண்டும்போது வராத தண்ணீர், வேண்டாதபோது வீடு வரைக்கும் வருகிறது. இங்கே புல்லுக்கு வேளை தவறாமல் வருகிறது. சரி, நம் வேலையைப் பார்ப்போம் என்று அடங்கிக்கொண்டாள்.

ஏழாம் குழி பள்ளத்தில் இருந்தது. ஒட்ட வழித்த புல், நடுவில் கொடி. அதற்குப் பத்தடி தள்ளி, சிவப்பு ரிப்பன் கட்டி நின்றது வேன். வெள்ளை நிறம். பக்கவாட்டில் பெரிய நீல எழுத்தில் 'முதலடி மையம், சிதம்பரம்' என்று ஒட்டியிருந்தார்கள். பின்கதவைத் திறந்து பிரிசில்லா ஒரு பொத்தானை அழுத்தினாள். தகடு ஒன்று சத்தமில்லாமல் தரைக்கு இறங்கியது. சக்கர நாற்காலியோடு பிள்ளையை அப்படியே ஏற்றிவிடலாம். யாரும் தூக்க வேண்டாம். ஜெயராணி அந்தத் தகட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாம் மேடம். வின் பண்ணா அப்ப கூட்டமாயிடும், வெளிச்சமும் இருக்காது. இப்பவே எடுத்து வச்சிக்கிட்டா பேப்பருக்குக் குடுத்துடலாம்" என்றாள் பிரிசில்லா. ஒரு ஆள் உயரத்துக்கு அட்டையில் வெட்டிய தங்க நிறச் சாவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜெயராணியை வேன் முன்னால் நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்து, "சிரிங்க மேடம்" என்றார்கள். சிரித்தாள். "உங்க போன்லயும் ஒண்ணு எடுத்துத் தரேன்" என்று பிரிசில்லாவே எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் படத்தை ஜெயராணி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'நம்ம பேரு போட்டிருக்கற வண்டி' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினாள். கிடைத்தால்தான் நமக்கு என்று அடுத்து எழுதுவதற்குள், ஆள் வந்து பையை நீட்டிவிட்டான். மைதானத்துக்குள் போன் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும். சரி, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டாள்.

படத்தில் சாவி இருக்கிறது. வண்டியில் மையத்தின் பெயர் இருக்கிறது. டீச்சர் பல் தெரியச் சிரிக்கிறாள். பார்க்கிறவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

ஐந்து மணிக்குப் போனைத் திறந்தால் எண்பத்தாறு செய்திகள். பூ, கும்பிடுகிற கை, கண்ணீர் வழியச் சிரிக்கிற முகம். குமராட்சியிலிருந்து வரும் வெண்மதியின் அம்மா கொளஞ்சியம்மாள் எழுதத் தெரியாதவள், குரலிலேயே அனுப்பியிருந்தாள்: "டீச்சர், நீங்க நல்லா இருக்கணும். திங்கக்கெழம நாங்கல்லாம் மாலையோட வரோம்." ராபர்ட் சாரிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள்.

அவள் கூப்பிட்டதும் அவர் முந்திக்கொண்டார். "கேட்டியாம்மா, அதிசயத்த! மதியானம் சுப்புராயன் ஐயா போன் பண்ணாரு. அறுவட முடிஞ்சிடுச்சி, வண்டிய வந்து எடுத்துக்குங்கன்னாரு. நெசமாத்தான் சொல்லியிருக்காரு பாரு அந்த மனுஷன்! நான் சொன்னேன், ஐயா, எங்களுக்குப் புதுசே கெடச்சிடுச்சி, நாங்க ரெண்ட வச்சிக்கிட்டு என்ன பண்றது, இல்லாதவுங்க யாருக்காச்சும் குடுங்கன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டாரு. அவுரு ஊருல ஒரு நர்சரி ஸ்கூல்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாராம். சாயங்காலமே பேப்பர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."

ஜெயராணி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சார்" என்றாள். "அது இன்னும் நமக்குக் கெடைக்கல சார்."

விளக்கிச் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைக்கிறார் போலும். பிறகு, "குடுத்துடுங்கன்னு என் வாயாலயே சொல்லிட்டேனேம்மா. இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்பக் கேக்கறது?" என்றார். கேட்க முடியாதுதான். ஜெயராணியும் கேட்கச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி குழுவில் உண்மையை எழுத மூன்று தடவை ஆரம்பித்தாள். மூன்று தடவையும் அழித்தாள். இன்னும் நாலு நாள் இருக்கிறது. யாராவது ஒருத்தன் அடித்துவிட்டால் அழவைத்தது வீணாகிவிடும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தப்புதான். தப்பென்று தெரிந்தேதான் செய்தாள். சொல்லுகிற தெம்பு அவளுக்கு இல்லை.

வியாழன், வெள்ளி, சனி. அவளுடைய வேலை, ஆட்டக்காரர் அடிக்கத் தயாராகும்போது 'அமைதி' என்று எழுதிய அட்டையை உயர்த்திப் பிடிப்பது. பிள்ளைகளைத் தூக்கிப் பழகிய கைக்கு அட்டை ஒரு கனமா? ஆனால் நாள் முழுக்க நின்றதில் முழங்கால் வீங்கிவிட்டது. மேட்டிலிருந்து பந்துகள் வந்து விழுந்தபடி இருந்தன. சில மணலில் புதைந்தன, சில கொடிக்குக் கிட்ட நின்றன. கிட்ட நின்றவற்றில் சிலதை அடுத்த அடியில் குழிக்குள் தள்ளியபோது கூட்டம் கைதட்டியது. பேர்டி. சர்ச்சுப் பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். ஜெயராணி எண்ணவில்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்து, யாரை எங்கே உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். வெண்மதிக்கு ஜன்னலோரம். அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வராது, ஆனால் வயலில் கொக்கைக் கண்டுவிட்டால் வாயெல்லாம் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி நாலைந்து பேர் மட்டும் பாக்கி இருந்தபோது, ஒரு இளைஞன் அடித்தான். வடக்கே எங்கேயோ ஊர். பந்து உயர எழும்பி, கொடியைத் தாண்டி விழுந்தது. அங்கே தரை சரிவு. விழுந்த பந்து ஒரு கணம் நின்று, பிறகு திரும்பி மெதுவாக உருளத் தொடங்கியது. நேராகக் குழியைப் பார்த்து வந்தது. கூட்டத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்து பெரிதாகிக்கொண்டே போனது. வா, வா, வா என்று ஜெயராணி உள்ளே கெஞ்சினாள். ஆண்டவரே என்றாள். கொளஞ்சியம்மாள் கும்பிடுகிற மாரியம்மனையும் கூப்பிட்டாள்.

பந்து நின்றது. குழிக்கு ஒரு சாண் முன்னால்.

ஊதினால் விழுந்துவிடும். அவளுக்கும் பந்துக்கும் நடுவே ஏழெட்டு அடி. கையில் அட்டை இருக்கிறது. ஓடிப்போய் ஒரு விசிறு விசிறினால் போதும். அந்த நினைப்பு வந்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அட்டையை உயர்த்திப் பிடித்தபடியே நின்றாள்.

இளைஞன் இறங்கி வந்து, ஒரு தட்டுத் தட்டிப் பந்தைக் குழியில் தள்ளினான். கூட்டம் கைதட்டியது. அவன் வேனைப் பார்த்தான், அதன் பக்கத்தில் நின்ற ஜெயராணியைப் பார்த்தான், தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னான். மன்னிப்பு மாதிரி இருந்தது. இவளும் சிரித்து வைத்தாள். அந்த வாரம் முழுக்கச் சிரித்துப் பழகியிருந்தது.

பேர்டிப் பணத்தில் இரண்டு சக்கர நாற்காலியும் டாக்டருக்கு ஆறு மாதச் சம்பளமும் வரும் என்று பிரிசில்லா சந்தோஷமாகச் சொன்னாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னபடியே கொடுத்தார்கள். சாயங்காலம் ஜெயராணி புறப்படும்போது இரண்டு ஆட்கள் வேன் மேலிருந்த நீல எழுத்துகளை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பழைய வேனில் பிள்ளைகளோடு ஆறு தாய்மார்களும் வந்து இறங்கினார்கள். கையில் மாலை, எலுமிச்சம்பழம், ஒரு பெரிய திருஷ்டிப் பூசணி. கலியமூர்த்தி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். வாசலில் ராபர்ட் சார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொளஞ்சியம்மாள் இடுப்பில் வெண்மதியோடு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். "வண்டி பின்னால வருதா டீச்சர்?"

"இல்லம்மா. வராது. அது நமக்குக் கெடைக்கல." சுற்றி வளைக்க ஜெயராணிக்குத் தெம்பில்லை. "ஒரே அடியில பந்து குழிக்குள்ள போனாத்தான் நமக்குன்னாங்க. போகல. ஒரு சாண் முன்னாடி நின்னுடுச்சி."

"பந்து போவலன்னா எதுக்கு டீச்சர் சாவி குடுத்தாங்க?"

"குடுக்கல. புடிச்சிக்கச் சொன்னாங்க."

"நீங்க சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே டீச்சர்!" என்றாள் கொளஞ்சியம்மாள். "தெரு பூரா காட்டினேனே அந்தப் படத்த. எம்மாமியாகிட்ட காட்டினேன். இந்தப் புள்ளைக்குப் போய் யாரு வண்டி அனுப்புவான்னு கேட்டவகிட்ட காட்டினேன்."

"சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன்" என்றாள் ஜெயராணி.

பிறகு மில் வேன் கதையையும் மறைக்காமல் சொன்னாள். "அது என் தப்பும்மா. வேணான்னு சொன்னது நான்தான்" என்றார் ராபர்ட் சார், தலை நிமிராமல். "படம் அனுப்பினது நானு சார். நாலு நாளு வாய மூடிக்கிட்டு இருந்ததும் நானு" என்றாள் அவள். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கொளஞ்சியம்மாள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, மாலையை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள். பூசணிக்காய் மூன்று நாள் வாசலில் கிடந்தது. நாலாம் நாள் ஜெயராணி அதை அரிந்து மதியத்துக்குக் கூட்டு வைத்தாள்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பழைய வேன் நின்றது. வருவதாகச் சொன்ன படித்த பெண், வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று மரியாதையாகச் செய்தி அனுப்பினாள். மாலை போட்டு அனுப்புகிற பேச்சை ராபர்ட் சார் எடுக்கவில்லை. ஜெயராணியும் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதம் முதல் திங்கட்கிழமை, கணக்குப்படி அவள் வீட்டில் படுத்துக் கிடந்திருக்க வேண்டிய முதல் திங்கட்கிழமை, எட்டு மணிக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். குமராட்சி மினிபஸ்காரர், ஐந்து நிமிஷம் நிறுத்துவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் ஆறு பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கிவிட வேண்டும். கலியமூர்த்தி தன் மச்சானின் ஆட்டோவைக் கேட்டு வாங்கிவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தும் இனி வராது. இரண்டு பஸ் மாறித் தூக்கிவர அந்த வீடுகளில் ஆள் இல்லை. அந்த ஐந்து பேரின் பாயையும் சுருட்டி வைக்க அவளுக்கு மனம் வராமல் விரித்தபடியே விட்டிருந்தாள்.

போன் அடித்தது. பிரிசில்லா. "மேடம், அடுத்த வருஷமும் உங்களதான் சேக்கறோம்னு சார் சொல்லிட்டாரு! வரீங்கல்ல?"

"வரேம்மா. நாற்காலிங்க வந்துடுச்சி, ரொம்ப உதவியா இருக்கு. ஆனா போட்டோ மட்டும் கடைசி நாளு எடுத்துக்கலாம்."

போனை வைக்கும்போது காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து ஒரு வேன் வந்து திரும்பியது. மஞ்சள் பெயின்ட் புதிதாக அடித்து, நர்சரி பள்ளியின் பெயர் எழுதியிருந்தது. சுற்றுலாவுக்குப் போகிறார்களோ என்னவோ, உள்ளே பிள்ளைகள் நின்றுகொண்டும் குதித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் போனார்கள்.

"அக்கா, அது மில்லுக்கார ஐயா வண்டி" என்றார் கலியமூர்த்தி.

"தெரியுது மூர்த்தி. எஞ்சின் சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். வண்டி மறைகிறவரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மினிபஸ் வந்து நின்றது. முதல் ஆளாகப் படியில் கொளஞ்சியம்மாள், இடுப்பில் வெண்மதி. பத்து வயதுப் பெண், வருஷத்துக்கு வருஷம் கனம் ஏறுகிறாள். மாலையோடு வந்த அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு கொளஞ்சியம்மாள் ஜெயராணியிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. இப்போது பிள்ளையை இறக்கப் போனவள், டீச்சரின் காலைப் பார்த்துவிட்டு ஒரு கணம் தயங்கினாள்.

"முட்டி இன்னும் வீங்கித்தான் இருக்கா டீச்சர்?"

"அது கெடக்குது. நீ புள்ளையக் குடு" என்றாள் ஜெயராணி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.